15க்கு 15 ஹீட் பிரஸ் மெஷின்: வாங்கலாம், டிஸ்ப்ளே காட்டும் டிகிரியை மட்டும் நம்பாதீர்கள்

பெங்களூரில் சின்ன அளவில் டி-ஷர்ட் பிரிண்டிங் தொடங்குகிற முக்கால்வாசிப் பேர் முதலில் வாங்குவது இந்த மெஷினைத்தான். 15 இன்ச்சுக்கு 15 இன்ச் தட்டு, அதாவது 38 சென்டிமீட்டர் சதுரம், பின்பக்கம் கீல், முன்பக்கம் நீளமான கைப்பிடி. மேல் தட்டைத் தூக்கித் துணியை விரித்து, படம் அச்சடித்த ஃபிலிமை வைத்து, கைப்பிடியை இறக்கினால் டைமர் ஓட ஆரம்பிக்கும். கிளாம்ஷெல் என்பார்கள். இதில் கம்பெனிப் பெயர் என்று உருப்படியாக எதுவும் இருக்காது, ஒரே மெஷின் நாலு கடையில் நாலு ஸ்டிக்கர் ஒட்டி வரும். நான் சிட்டி மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் 15,000 ரூபாய்க்குச் சற்றுக் கீழே வாங்கினேன். அல்சூரில் வீட்டுக்குக் கீழே இருக்கும் சின்ன அறையில் வைத்து டிடிஎஃப் (ஃபிலிமில் அடித்த படத்தைத் துணியில் ஒட்டுவது), வினைல் (கலர் ஷீட்டை வெட்டி ஒட்டுவது), சப்லிமேஷன் (பேப்பரில் அடித்த சாயத்தைச் சூட்டால் துணிக்குள் ஏற்றுவது) மூன்றும் இதில்தான் ஓடுகிறது.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். இந்த விலைக்கு மெஷின் நல்ல மெஷின்தான். ஆனால் பிரிண்ட் உரிகிறது, மூலை தூக்குகிறது, இரண்டு துவைப்பில் வெடிக்கிறது என்று வரும் புகாரில் பாதிக்கு மேல் காரணம் இதன் தட்டுச் சூடும் அழுத்தமும்தான். எல்லாரும் முதலில் ஃபிலிம் அடித்துக் கொடுத்தவரைத் திட்டுகிறார்கள், அப்புறம் திருப்பூர் துணியைத் திட்டுகிறார்கள், மெஷினைக் கடைசியாகத்தான் பார்க்கிறார்கள். அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

டிஸ்ப்ளேயில் 160 என்று தெரிகிறதே, அது தட்டின் எந்த இடத்துச் சூடு? தட்டுக்குள் சென்சார் வைத்திருக்கும் அந்த ஒரே புள்ளியின் சூடு. ஹீட்டர் காயில் அலுமினியத் தட்டுக்குள் வளைந்து வளைந்து ஓடுகிறது. விலை குறைந்த மெஷினில் அந்த வளைவுகளுக்கு நடுவே இடைவெளி அதிகமாக இருக்கும், ஓரம் வரை போகவும் போகாது. போதாததற்கு ஓரத்தில் காற்று பட்டுச் சூடு போய்க்கொண்டே இருக்கும். தோசைக்கல்லில் நடுவில் முறுகி ஓரத்தில் வெள்ளையாக நிற்குமே, அதே கதை. என் மெஷினில் 160 வைத்து நன்றாகச் சூடேறிய பிறகு அளந்தால் நடுவில் 157, பின்பக்கம் இரண்டு மூலையும் 150க்குப் பக்கம், முன்பக்கம் வலது மூலை 139. நெஞ்சில் வைக்கும் சின்ன லோகோவுக்கு இதனால் ஒன்றும் ஆகாது, நடுவில் வைத்து அடித்துவிடலாம். முதுகில் தட்டு நிறையப் பெரிய படம் அடித்தால் அந்த வலது மூலை எழுத்து மட்டும் இரண்டாவது துவைப்பில் எழுந்து நிற்கும்.

அளப்பது எப்படி என்பதைக் கொஞ்சம் விளக்கியே சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கி மாதிரி லேசர் அடிக்கும் தெர்மாமீட்டரை வாங்கி, திறந்த தட்டில் காட்டிவிட்டு, மெஷின் 40 டிகிரி குறைவாகக் காட்டுகிறது என்று பதறுவார்கள். பளபளப்பான உலோகம் வெப்பக் கதிரைக் குறைவாகத்தான் வெளிவிடும், அதனால் அந்தத் துப்பாக்கி உண்மையைவிடக் குறைத்துச் சொல்லும். மேலும் தட்டைத் திறந்து வைத்து அளப்பதில் பயனும் இல்லை, மூடிய நிலையில் துணிக்கு எவ்வளவு சூடு போகிறது என்பதுதான் நமக்கு வேண்டும். மல்டிமீட்டரோடு வரும் கம்பி வகைத் தெர்மோகப்பிள் (முனையில் சூட்டை உணரும் கம்பி) போதும், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்பி ரோட்டில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பழைய பனியன் துணி இரண்டு துண்டு எடுத்து, நடுவில் அந்தக் கம்பி முனையை வைத்து, மெஷினை மூடி, எண் ஏறி நிற்கும் வரை விடுங்கள். நடுவில் ஒரு முறை, நான்கு மூலையிலும் ஒவ்வொரு முறை. வந்த எண்களை ஒரு தாளில் எழுதி மெஷின் பக்கத்துச் சுவரில் ஒட்டி வையுங்கள். என் அறையில் அந்தத் தாள் ஒட்டியிருக்கிறது, வேலைக்கு வரும் தம்பி அதைப் பார்த்துத்தான் டிசைனைத் தட்டில் எங்கே வைப்பது என்று முடிவு செய்கிறான்.

இன்னொன்று, டிஸ்ப்ளே 160 தொட்டவுடன் அடிக்க ஆரம்பிக்கக் கூடாது. சென்சார் இருக்கும் இடம் தொட்டுவிட்டது, மூலைகள் இன்னும் ஏறிக்கொண்டிருக்கின்றன, கீழே இருக்கும் சிலிக்கான் பேட் அப்போதும் குளிர்ந்தே கிடக்கும். அது துணியிலிருந்து சூட்டை இழுத்துக்கொள்ளும். பதினைந்து இருபது நிமிடம் விட்டு, வெறும் மெஷினை இரண்டு முறை மூடித் திறந்துவிட்டு ஆரம்பித்தால் காலையில் அடிக்கும் முதல் டி-ஷர்ட்டும் மதியம் அடிப்பதும் ஒன்றுபோல் இருக்கும். காலையில் அடித்தது மட்டும் உரிகிறது என்று யாராவது சொன்னால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

கரண்ட் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இது 1800 வாட்ஸ் மெஷின், 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8 ஆம்பியர் இழுக்கும். டிவி செருகும் 6 ஆம்பியர் பிளக்கில் போடவே கூடாது, 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும், மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டவே வேண்டாம். எங்கள் தெருவில் மாலை நேரத்தில் வோல்டேஜ் 200க்கு இறங்கும். வோல்டேஜ் 13 சதவீதம் இறங்கினால் ஹீட்டரின் பலம் அதே 13 சதவீதம் இறங்காது, வர்க்கக் கணக்கில் இறங்கும், 1800 வாட்ஸ் சுமார் 1360 வாட்ஸ் ஆகிவிடும். கன்ட்ரோலர் என்னவோ 160 காட்டும். ஆனால் ஒரு டி-ஷர்ட் அடித்தவுடன் போன சூடு திரும்பி வரத் தாமதமாகும். தொடர்ந்து நாற்பது ஐம்பது பீஸ் அடிக்கும்போது இது தெரியும், ஒவ்வொன்றுக்கும் நடுவில் கொஞ்சம் மூச்சு விட வேண்டியிருக்கும்.

அழுத்தம். கிளாம்ஷெல்லில் கீல் பின்பக்கம் இருப்பதால் மூடும்போது பின்பக்கம் முதலில் கடிக்கும், முன்பக்கம் கடைசியில். மெல்லிய ரவுண்ட் நெக்குக்கு ஒன்றும் தெரியாது. ஹூடி மாதிரித் தடித்த துணியை வைத்தால் பின்பக்கம் இறுக்கமாகவும் முன்பக்கம் தொளதொளவென்றும் நிற்கும். மேல் தட்டு பக்கவாட்டில் விலகும் ஸ்விங் வகையில் தட்டு மேலிருந்து நேராக இறங்குவதால் இந்தத் தொல்லை இல்லை. அது விலையும் கூட, இடமும் கூட. ஹூடி ஆர்டர்தான் உங்கள் பிழைப்பு என்றால் இந்த மெஷினை வாங்க வேண்டாம், கொஞ்சம் பொறுத்துப் பணம் சேர்த்து ஸ்விங் வாங்குங்கள்.

அழுத்தத்தைச் சோதிக்க எளிய வழி, நான்கு மூலையிலும் நான்கு துண்டு ஏ4 தாளைப் பாதி உள்ளே பாதி வெளியே வைத்து, மெஷினைச் சூடு போடாமல் மூடி, ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். ஒன்று கிழிகிறது, ஒன்று சும்மா வழுக்கிக்கொண்டு வருகிறது என்றால் தட்டு சமமாக உட்காரவில்லை. என் மெஷினில் முன்பக்கம் வலது தாள்தான் வழுக்கியது, அதாவது சூடு குறைந்த அதே மூலை. சூடும் இல்லை, அழுத்தமும் இல்லை, அங்கே எப்படி ஒட்டும்? கீழே சிலிக்கான் பேட்டைத் தூக்கிப் பார்த்தால் அந்த மூலையில் தட்டே லேசாக இறங்கியிருந்தது. விற்ற கடைக்காரர் போட்டோவைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் இருக்கும் அண்ணா, பிரஷர் ஏத்தி அடிங்க" என்றார். பிரஷரை ஏற்றினால் மற்ற மூன்று மூலையிலும் துணியில் தட்டின் விளிம்பு பதிகிறது, பாலியஸ்டரில் அந்தக் கோடு பளபளவென்று நிரந்தரமாக நின்றுவிடும், இஸ்திரி போட்டாலும் போகாது. எனக்கு உள்ளபடியே கோபம் வந்தது இந்த மெஷின் விஷயத்தில் இந்த ஒரு இடத்தில்தான். புது மெஷினில் தட்டு சமமாக இருக்க வேண்டும் என்று கேட்பது பெரிய ஆசை இல்லை. கடைசியில் நான்கு போல்ட்டையும் தளர்த்தி, மெல்லிய வாஷர் கொடுத்து, தெரிந்த லேத் பட்டறைக்காரர் ஒருவர் சரிசெய்து கொடுத்தார், அதன் பிறகு நான்கு தாளும் ஒன்றுபோல் பிடிக்கின்றன.

தையல், பட்டன், ஜிப், காலர் எதுவும் மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் இடையில் வரக் கூடாது. காலர் டி-ஷர்ட்டில் பட்டன் பட்டி தடிமனாக இருக்கும், அதன் பக்கத்தில் லோகோ அடித்தால் பட்டி அழுத்தத்தை வாங்கிக்கொள்ளும், லோகோவுக்கு ஒன்றும் கிடைக்காது. பட்டியைத் தட்டுக்கு வெளியே தொங்கவிடுங்கள், அல்லது லோகோ அளவுக்குச் சிலிக்கான் துண்டு ஒன்றை டி-ஷர்ட்டுக்குள் வைத்து அந்த இடத்தை உயர்த்துங்கள்.

சரி, பிரிண்ட் உரிந்துவிட்டது, தப்பு யாருடையது என்று கண்டுபிடிப்பது எப்படி? நான் செய்வது இது. அதே டிசைனில் இரண்டு ஃபிலிம் எடுத்து, ஒன்றை வழக்கம்போல வைக்கிறேன், மற்றொன்றை டி-ஷர்ட்டோடு சேர்த்து, மேல்பக்கம் கீழ்ப்பக்கமாக வரும்படி அரைச் சுற்று திருப்பி வைக்கிறேன். டிசைனின் அதே எழுத்து இரண்டிலும் எழுந்தால் ஃபிலிமில் கோளாறு. தட்டின் அதே மூலையில் இருக்கும் எழுத்து, அது எந்த எழுத்தாக இருந்தாலும் சரி, எழுந்தால் மெஷினில் கோளாறு. இடம் என்று இல்லாமல் அங்கங்கே எழுந்தால் துணியில் ஈரம், அல்லது துணிக்கு மேல் ஏதோ பூச்சு. பத்து நிமிட வேலை, ஃபிலிம்காரரோடு மூன்று நாள் சண்டை மிச்சம்.

ஃபிலிம் கோளாறு என்றால் பெரும்பாலும் பவுடர்தான். டிடிஎஃப் ஃபிலிமின் பின்பக்கம் ஒட்டுவதற்காகத் தூவும் பவுடர் சூட்டில் உருகும் ஒருவகை பாலியூரித்தேன். அதை அடுப்பில் சரியாக உருக்கியிருந்தால் பின்பக்கம் ஆரஞ்சுத் தோல் மாதிரி லேசான மேடு பள்ளத்தோடு பளபளக்கும். உருகாமல் விட்டிருந்தால் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கும்போது சர்க்கரைத் துகள் போலத் தனித்தனியாகத் தெரியும், விரலால் தேய்த்தால் கையோடு வரும். அதை நீங்கள் 165 டிகிரியில் எத்தனை விநாடி அழுத்தினாலும் ஒழுங்காகப் பிடிக்காது. அதிகமாக வெந்த ஃபிலிமும் பிரச்சினைதான், அது விறைத்து வரும், துணியில் ஒட்டினாலும் இழுத்தால் வெடிக்கும். மீட்டர் கணக்கில் ஃபிலிம் அடித்துத் தருபவரின் பார்சலைப் பிரித்தவுடனே பின்பக்கத்தைப் பாருங்கள், துணியில் ஏற்றிய பிறகு சண்டை போட்டுப் பலனில்லை.

ஃபிலிம் வாங்கும்போதே ஹாட் பீலா (சூட்டோடு உரிப்பது) கோல்ட் பீலா (ஆறிய பிறகு உரிப்பது) என்று கேட்டுக்கொள்ளுங்கள். கோல்ட் பீல் ஃபிலிமைச் சூட்டோடு உரித்தால் வெள்ளை மை பாதி ஃபிலிமோடு போய்விடும். டிடிஎஃப்புக்குப் பொதுவாக 150 முதல் 165 டிகிரி, 10 முதல் 15 விநாடி. உரித்த பிறகு டெஃப்லான் ஷீட் அல்லது பேக்கிங் பேப்பர் போட்டு இன்னொரு 5 முதல் 10 விநாடி. இந்த இரண்டாவது அழுத்தத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதை அடித்தால்தான் துணியின் நெசவு பிரிண்டின் மேல் லேசாகத் தெரியும் அளவுக்கு உட்காரும், அந்தப் பிளாஸ்டிக் பளபளப்பும் அடங்கும்.

ஈரத்தைப் பற்றி இந்த ஊரில் சொல்லாமல் இருக்க முடியாது. காட்டன் காய்ந்தது போலத் தெரிந்தாலும் தன் எடையில் 8 சதவீதம் வரை ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வைத்திருக்காது. 200 கிராம் காட்டன் டி-ஷர்ட்டில் சுமார் 15 கிராம் தண்ணீர், மழைக்காலத்தில் இன்னும் கூட. சூடு பட்டதும் இது ஆவியாகிப் பிரிண்டுக்கும் துணிக்கும் நடுவில் நிற்கும், பவுடர் துணிக்குள் இறங்க வழி விடாது. ஃபிலிம் வைக்காமல் வெறும் துணியை 5 விநாடி அழுத்தித் திறந்து பாருங்கள், ஆகஸ்ட் மாதத்தில் ஆவி கண்ணுக்கே தெரியும். ஆவி நிற்கும் வரை இன்னொரு முறை அழுத்திவிட்டு அப்புறம் ஃபிலிம் வையுங்கள். டி-ஷர்ட் மூட்டையைத் தரையோடு சுவர் ஓரம் அடுக்காதீர்கள், ஒரு பலகை போட்டு அதன் மேல் வையுங்கள். பயோவாஷ் என்று வழவழப்பாக வரும் சில துணிகளில் சிலிக்கான் சாஃப்ட்னர் ஏற்றியிருப்பார்கள், அதிலும் பிடிப்பு குறையும். புதுக் கடைத் துணி என்றால் ஒரு பீஸ் அடித்து, துவைத்துப் பார்த்த பிறகு மொத்த ஆர்டரை எடுப்பது நல்லது.

இந்த மெஷினுக்கு உண்மையான பரீட்சை சிவப்புப் பாலியஸ்டர். பெங்களூரில் இதிலிருந்து தப்பவே முடியாது. ஐபிஎல் வந்தால் ஆர்சிபி சிவப்பு, நவம்பர் 1 கர்நாடக ராஜ்யோத்சவத்துக்கு மஞ்சளும் சிவப்பும், செப்டம்பர் 8 சிவாஜிநகர் மாதா கோயில் திருவிழாவுக்குக் காவி. எல்லாரும் கேட்பது விலை குறைந்த டிரைஃபிட் (வியர்வை சீக்கிரம் காயும் பாலியஸ்டர் துணி), அதன் மேல் வெள்ளை எழுத்து. அடிக்கும்போது பளிச்சென்று வெள்ளையாக இருக்கும். மறுநாள் காலையில் பார்த்தால் ரோஸ். இதற்குப் பேர் டை மைக்ரேஷன். பாலியஸ்டருக்குப் போடும் டிஸ்பர்ஸ் சாயம் சூடு பட்டால் ஆவியாகிக் கிளம்பி மேலே இருக்கும் வெள்ளைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சப்லிமேஷன் பிரிண்டிங் நடப்பதே இந்தக் குணத்தால்தான், அங்கே வரம், இங்கே வில்லன். காட்டனுக்கு வேறு வகைச் சாயம் என்பதால் அதில் இந்தத் தொல்லை இல்லை. சப்லிமேஷனில் அடித்த ஜெர்ஸியின் மேல் பெயரும் நம்பரும் ஒட்டச் சொன்னால் இன்னும் மோசம்.

இதற்கு மருந்து சூட்டைக் குறைப்பதுதான். 120, 130 டிகிரியில் ஒட்டும் குறைந்த சூட்டுப் பவுடர் ஃபிலிம் கிடைக்கிறது, சாயத்தைத் தடுக்கும் கருப்புப் பவுடர் போட்ட ஃபிலிமும் கிடைக்கிறது, விலை கொஞ்சம் கூடும். அந்த விலையை வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லி வாங்கிவிடுங்கள். இங்கேதான் தட்டின் சூட்டு வித்தியாசம் கழுத்தைப் பிடிக்கும். 130 வைத்தால் என் மெஷினின் வலது மூலை 113தான், அங்கே பவுடர் சரியாக உருகாது. மூலைக்காக ஏற்றினால் நடுவில் சாயம் கிளம்பும். அதனால் பாலியஸ்டர் வேலையை நான் தட்டின் நடுவில் 10 இன்ச் சதுரத்துக்குள் மட்டுமே அடிக்கிறேன், பெரிய படம் என்றால் இரண்டாகப் பிரிக்கிறேன். அடித்த டி-ஷர்ட்டுகளைச் சூட்டோடு ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கக் கூடாது, உள்ளே சூடு தங்கிச் சாயம் ஏறிக்கொண்டே இருக்கும். தொங்கவிட்டு ஆற வையுங்கள். ஆர்டர் எடுக்கும் முன் ஒரு சாம்பிள் அடித்து ஒரு ராத்திரி முழுக்க வைத்துப் பார்க்காமல் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

சப்லிமேஷனுக்கு 190 முதல் 200 டிகிரி, 45 முதல் 60 விநாடி, வெளிர் நிறப் பாலியஸ்டரில் மட்டும். இந்த மெஷின் அந்தச் சூட்டை எட்டுகிறது, மூலை வெளிறும். திறக்கும்போது கைப்பிடியை வெடுக்கென்று தூக்கினால் காற்று இழுத்துப் பேப்பர் நகரும், எழுத்துக்கு நிழல் விழும். ஹீட் டேப் ஒட்டி, மெதுவாகத் திறங்கள். துணியில் இருக்கும் தூசு நீலப் புள்ளியாக விழும், தூசை ஒட்டி எடுக்கும் லின்ட் ரோலரை உருட்டாமல் அடிக்க வேண்டாம். இவ்வளவுதான்.

விற்ற கடையின் சர்வீஸ் சுமார்தான். வாங்கும்போது வாரன்ட்டி என்றார்கள், பில்லில் அந்த வார்த்தை இல்லை. கன்ட்ரோலர் போர்டும் சென்சாரும் எஸ்பி ரோட்டில் கிடைப்பதால் தெரிந்த எலக்ட்ரீஷியன் இருந்தால் சமாளிக்கலாம். ஆனால் ஒன்றைக் கண்டிப்பாகப் பாருங்கள், எனக்கு வந்த மெஷினில் எர்த் வயர் உள்ளே பாடியோடு சேர்க்கப்படாமல் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. நாள் முழுக்க உலோகக் கைப்பிடியைப் பிடித்து வேலை செய்கிற மெஷின் இது, பக்கத்திலேயே ஸ்பிரே தண்ணீரும் இருக்கும். முதல் நாளே ஒரு எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தைச் சோதித்த பிறகு பிளக் போடுங்கள். மெஷினை விற்கிறவர்கள் இதைக்கூடப் பார்க்காமல் அனுப்புவது எனக்கு ஏற்கவே முடியவில்லை.

நெஞ்சு லோகோ, குழந்தைகள் டி-ஷர்ட், ஏ4 அளவு டிசைன், காட்டன் வேலை, இதுதான் உங்கள் தொழில் என்றால் தாராளமாக இந்த மெஷினை வாங்கலாம். ஏ3 முதுகுப் படம் தினமும் என்றால் 16க்கு 24 தட்டுள்ள மெஷினைப் பாருங்கள். எதுவானாலும் கடைக்குப் போகும்போது தெர்மோகப்பிளும் நான்கு துண்டுத் தாளும் எடுத்துக்கொண்டு போங்கள், சூடு போடும் முன் நான்கு மூலையிலும் தாளை இழுத்துப் பாருங்கள், பிறகு அங்கேயே இருபது நிமிடம் சூடேற்றச் சொல்லி நான்கு மூலையையும் அளந்து பாருங்கள். அளக்க விடமாட்டேன் என்கிற கடையில் பணம் கட்டாதீர்கள். பத்து டிகிரிக்குள் வித்தியாசம் இருக்கும் பீஸ் கிடைக்கும் வரை வேறு பீஸ் கேளுங்கள், ஒரே லாட்டிலேயே ஒன்றுக்கொன்று வித்தியாசம் இருக்கும்.